கடல்நாயைச் சுட ஓர் உரிமம்



‘பிழைப்புக்கு இடையூறாக இருக்கும் விலங்கைக் கொல்ல அரசு உரிமம் தரலாமா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் தோட்டத்தில் புகும் யானையையும் வீட்டில் புகும் குரங்கையும் பற்றிச் சொன்னார்கள். நான் உங்களைக் குளிரான ஒரு நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். ஸ்காட்லாந்து. இந்தக் கேள்விக்கு அங்கே சட்டம் போட்டு, சுட்டு, எண்ணிப் பார்த்து, பிறகு அந்தச் சட்டத்தையே திருத்தியும் விட்டார்கள். பேரங்காடியில் நாம் வாங்கும் சால்மன் மீனில் ஒரு பகுதி அங்கிருந்து வருவதால் நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

விலங்கு, கடல்நாய். சிங்கப்பூரில் குடும்பம் குடும்பமாக நீந்தி வந்து, வீட்டுக் குளத்தில் ‘கொய்’ மீனைத் தின்றுவிட்டுப் போகிறதே, அது நீர்நாய், இது வேறு. ஸ்காட்லாந்துக் கரையில் இரண்டு இனங்கள் உண்டு. சாம்பல்நிறக் கடல்நாய் பெரியது, ஆண் 300 கிலோ வரை வளரும். மற்றது சாதாரணக் கடல்நாய், சிறியது.

மேற்குக் கரையிலும் ஷெட்லாந்து, ஓர்க்னி தீவுகளிலும் கடலில் வலைக்கூண்டுகளை மிதக்கவிட்டுச் சால்மன் வளர்க்கிறார்கள். ஒரு கூண்டில் பல்லாயிரம் மீன்கள். கடல்நாய் உள்ளே நுழைய வேண்டியதில்லை. தொய்ந்த வலையைக் கீழிருந்து முட்டி, வலையோடு சேர்த்து மீனின் வயிற்றைக் கடித்துவிடும். குற்றுயிரான மீன் உள்ளேயே கிடக்கும். கடிபடாத மீனும் மிரண்டு போய்த் தீனி எடுக்காது. ஒரே ஆண்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களை இப்படி இழந்தோம் என்று பண்ணைத் தொழிலினர் 2020இல் சொன்னார்கள். அது அவர்கள் தரப்புக் கணக்கு. என்றாலும் சின்னத் தொல்லை என்று தள்ளிவிட முடியாது.

இனி சட்டத்துக்கு வருவோம். சாம்பல்நிறக் கடல்நாய் அழிந்துவிடுமோ என்று அஞ்சி, 1914இலேயே பிரிட்டன் அதற்கென ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டது. இன்று அந்நாட்டுக் கரைகளில் அவை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பெருகிய பிறகு மீனவர்கள் முறையிட்டார்கள். 1978இல் ஓர்க்னியில் பெருமளவில் சுட்டுக் குறைக்க அரசு ஏற்பாடு செய்தபோது, பொதுமக்கள் கொதித்தெழுந்து அதைக் கைவிட வைத்தார்கள்.

ஆனால் சத்தமில்லாமல் சுடுவது நடந்துகொண்டுதான் இருந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். வலைக்குப் பக்கத்தில் கடல்நாய் வந்தால், வலையையும் அதிலுள்ள மீனையும் காக்க அதைச் சுடலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். எத்தனை சுட்டோம் என்று சொல்லவும் வேண்டாம். கரையோரத்தில் வலை கட்டிப் பிழைத்த சிறு மீனவரை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. பின்னால் வந்த பெரிய பண்ணைகளுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. பாருங்கள், ஏழைக்காகத் திறந்து வைத்த கதவு!

மரே வளைகுடாவில் 2005இல் வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஆற்று மீன்வளக் குழுக்களும் அரசும் ஆய்வாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இத்தனைதான் சுடலாம், பயிற்சி பெற்றவர்தான் சுடலாம் என்று வரையறுத்தார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் 2010ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து கடல் சட்டம் வந்தது. 2011 முதல் உரிமம் இல்லாமல் கடல்நாயைக் கொல்வது குற்றம். ஒவ்வோர் உரிமத்துக்கும் ஓர் உச்ச எண்ணிக்கை. எத்தனை சுட்டோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் எத்தனை இறந்தால் இனம் தாங்கும் என்று ஆய்வாளர்கள் கணித்த பிறகே எண்ணிக்கை முடிவாகும். இது முக்கியம், ஏனென்றால் ஓர்க்னியில் சாதாரணக் கடல்நாய் அதற்குள் வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது.

இதன் பலன் என்ன? முதல் ஆண்டில் சுடப்பட்டவை நானூறுக்கும் மேல். சில ஆண்டுகளில் அது நூறு அளவுக்கு இறங்கிவிட்டது. எண்ணிக்கை வெளியே தெரிய ஆரம்பித்ததும் துப்பாக்கி எடுக்கும் கை தயங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். வலைகளும் மேம்பட்டன என்பதை மறுக்கவில்லை.

அப்படியானால் உரிமமே போதுமே, ஏன் எடுத்தார்கள்? இங்கேதான் அமெரிக்கா வருகிறது. கடல் பாலூட்டிகளை வேண்டுமென்றே கொல்லும் மீன் தொழிலிலிருந்து இறக்குமதி செய்ய மாட்டோம் என்று 2016இல் அமெரிக்கா விதி வகுத்து, மற்ற நாடுகளுக்கு அவகாசம் கொடுத்தது. ஸ்காட்லாந்து சால்மனுக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. 2020இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மீன்பண்ணையையும் மீன்வளத்தையும் காப்பதற்காகக் கடல்நாயைச் சுட 2021 பிப்ரவரி முதல் உரிமம் கிடையாது. ஆராய்ச்சி, பொதுமக்கள் பாதுகாப்பு போன்ற சில காரணங்கள் மட்டும் சட்டத்தில் எஞ்சின. விலங்குநல அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்ததை வாங்குபவனின் ஒரு நிபந்தனை முடித்து வைத்தது. எனக்கு அதில் மகிழ்ச்சியும் உண்டு, கொஞ்சம் வருத்தமும் உண்டு.

எதிரணி நண்பர் கேட்பார்: ‘கூண்டில் அடைபட்ட மீன் ஓடவும் முடியாமல் கடிபட்டுச் சாகிறதே, அதற்கு இரக்கம் இல்லையா?’ நியாயமான கேள்வி. ஆனால் மீனைக் கூண்டில் அடைத்தது யார்? அடைத்தவரே காப்புக்கும் செலவு செய்யட்டும். வழிகள் இருக்கின்றன. எளிதில் வளையாத விறைப்பான வலை. தொய்யாதபடி அடியில் எடை கட்டி இழுத்துப் பிடிப்பது. செத்த மீனை உடனுக்குடன் அகற்றுவது, ஏனென்றால் அடியில் கிடக்கும் பிணமே கடல்நாயைக் கூப்பிடும். எல்லாம் காசு. ஒரு தோட்டா விலைக்குக் காரியம் முடிகிறபோது யார்தான் புது வலை வாங்குவார்? உரிமத்தில் நான் காணும் குறை இதுதான்.

ஒலி எழுப்பி விரட்டும் கருவிகளும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடல்நாய் நாளடைவில் பழகிக்கொள்ளும். ஒரு பாவமும் செய்யாத சிறு கடற்பன்றிகள்தாம் கிலோமீட்டர் கணக்கில் விலகி ஓடும். திமிங்கில, ஓங்கில் இனங்களைத் தொந்தரவு செய்யக்கூடிய கருவிக்கு இப்போது அங்கே தனி உரிமம் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரையோர வலைக்காரரைக் காட்டித்தான் பழைய விதியை வெகுகாலம் ஆதரித்தார்கள். காட்டுச் சால்மன் அருகி வருகிறது என்று 2016இலேயே கரையோரக் கடலில் சால்மன் பிடித்து வைத்துக்கொள்வதை அரசு தடை செய்துவிட்டது. ஆகவே 2021இல் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னபோது எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள்; புது வலை வாங்க வசதி உள்ளவர்கள்.

நம் ஊர்த் தோட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை என்று நண்பர் சொன்னார். உண்மை. அவருக்கு வேலி போட யார் பணம் தருவது என்பதை அடுத்த சுற்றில் பேசலாம். நடுவர் மணியடித்துவிட்டார்.