வாசலில் தொங்கும் பலகை



இப்போது எங்கள் வீடுகளில் கொரிய நாடகம் பார்க்காத பிள்ளைகள் குறைவு. பிள்ளைகளோடு இருந்து அம்மம்மாமாரும் பார்க்கிறார்கள். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு பாடகரின் கையில் பச்சை குத்தியிருந்தால், அந்த இடத்தை மங்கலாக்கிவிடுவதையோ, அவரே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வருவதையோ நீங்கள் கவனித்திருக்கலாம். ஒரு சின்னப் படத்துக்கு ஏன் இவ்வளவு மறைப்பு? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

உடம்பும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைக் கெடுப்பது பெற்றோரை அவமதிப்பது என்பது கொன்பியூசியஸ் வழிவந்த பழைய எண்ணம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆனால் அங்குள்ள வெறுப்பு முழுவதும் இந்த எண்ணத்திலிருந்து வந்ததல்ல. அதில் பெரும்பங்கு அரசாங்கங்கள் போட்டது.

யப்பானைப் பாருங்கள். 1720ஆம் ஆண்டில் யொஷிமுனே என்ற ஷோகன், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகப் பச்சை குத்தும் தண்டனையைக் கொண்டுவந்தார். களவெடுத்தவனின் கையில் வளையம்போலக் கோடுகள் குத்தப்பட்டன. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பேரேட்டில் தவறாக எழுதியதைத் திருத்தலாம். தோலில் எழுதியதை எப்படித் திருத்துவது? தண்டனை முடிந்த பிறகும் அந்த மனிதன் தன் குற்றப் பதிவேட்டைக் கையிலேயே கொண்டு திரிந்தான். சிலர் அந்தக் கோடுகளை மறைக்கவே மேலே படம் குத்தினார்கள்.

அதே நாட்டில் பச்சை குத்துதல் பெரிய கலையாகவும் வளர்ந்தது. 1827 அளவில் குனியோஷி என்ற ஓவியர், ஒரு சீன நாவலின் வீரர்களை உடல் முழுக்கப் பச்சை குத்தியவர்களாக வரைந்து அச்சிட்டார். தீயணைப்போரும் கூலித் தொழிலாளரும் அந்தப் படங்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள்.

பிறகு 1872இல் மெய்ஜி அரசு இதைத் தடைசெய்தது. மேல்நாட்டார் எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைப்பார்களே என்ற பயம் முக்கிய காரணம். நடந்தது என்ன தெரியுமா? பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான பிரித்தானிய இளவரசர் 1881இல் யப்பானுக்கு வந்து கையில் பச்சை குத்திக்கொண்டு போனார். 1891இல் ரஷ்யாவின் பட்டத்து இளவரசர் நிக்கொலாஸும் அதையே செய்தார். சொந்த மக்களுக்குத் தடை, விருந்தாளிக்குக் கடை திறந்திருந்தது!

1948இல் தடை நீங்கியது. ஆனால் 76 ஆண்டுகள் ஒளிந்து கிடந்த கலை, பெரும்பாலும் யாக்குசா என்ற குற்றக் கும்பல்களின் அடையாளமாகவே மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது. சினிமாவும் அதையே காட்டியது. பொதுக் குளியல் இல்லங்களின் வாசலில் "பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை தொங்கியது.

அந்தப் பலகை யாரைத் தடுத்தது? 2013இல் நியூசிலாந்திலிருந்து ஒரு மயோரிப் பெண்மணி ஹொக்கைடோ தீவுக்குப் பழங்குடி மொழிகள் பற்றிய கூட்டத்துக்குச் சென்றார். முகத்தில் அவருடைய இனத்தின் மரபுச் சின்னம் இருந்தது. குளியல் இல்லத்தில் அவரை உள்ளே விடவில்லை. அதே ஹொக்கைடோவில் அய்னு இனப் பெண்கள் வாயைச் சுற்றிப் பச்சை குத்தும் வழக்கத்தை 1871இல் அரசு தடைசெய்திருந்தது. ஒகினாவாப் பெண்களின் கைச் சின்னங்களுக்கு 1899இல் தடை வந்தது. இவர்கள் எவரும் களவெடுத்தவர்களல்லர். பலகைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மாற்றம் மெதுவாக வருகிறது. 2015இல் யப்பானிய சுற்றுலாத் துறை விடுதிகளிடம் கேட்டபோது, பதிலளித்தவற்றில் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களைக் குளிக்க விடுவதில்லை என்றன. 31 சதவீதம் விடுவதாகச் சொல்லின. 13 சதவீதம் மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றன. வைத்தியப் பட்டம் இல்லாமல் பச்சை குத்தியதாக ஒசாகாவில் ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். இது வைத்தியத் தொழிலல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதிசெய்தது.

தென் கொரியாவிலோ 1992இல் உச்ச நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக, இது வைத்தியர்கள் மட்டுமே செய்யலாம் என்றது. அதனால் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் சட்டத்துக்குப் பயந்து ஒளிவுமறைவாகத் தொழில் செய்தார்கள். 2025 செப்டெம்பரில்தான் வைத்தியர் அல்லாதவர்களுக்கும் உரிமம் வழங்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டாண்டு ஆயத்த காலத்தின் பின் அது நடைமுறைக்கு வரும் என்று ஏற்பாடு.

சீனா வேறு திசையில் போகிறது. 2021இல் தேசிய உதைபந்தாட்ட வீரர்கள் புதிதாகப் பச்சை குத்தக்கூடாது என்றார்கள். 2022இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் குத்துவதைத் தடைசெய்தார்கள். ஆனால் யுவே ஃபேய் என்ற தளபதியின் முதுகில் அவருடைய தாயே நாட்டுப்பற்றுச் சொற்களைக் குத்தியதாகப் பெருமையோடு சொல்லப்படும் கதையும் அந்த நாட்டினுடையதுதான்.

நேயர்களே, இதில் எங்களுக்கு என்ன? ஒரு தலைமுறை அரசு எழுதிய தண்டனை, அடுத்தடுத்த தலைமுறையில் அருவருப்பாக மாறுகிறது. சட்டத்தை ஒரு நாளில் மாற்றலாம். பார்க்கிற கண் மாறுவதற்கு மூன்று தலைமுறை செல்கிறது.

உடம்பிலுள்ள அடையாளத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் சேட்டைக் கழற்றச் சொல்லி, முழங்காலிலும் முழங்கையிலும் தழும்பு தேடிய காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். சைக்கிளால் விழுந்த தழும்பா, ஷெல் பட்ட தழும்பா என்று கேட்டறிய அங்கு எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

ஆகவே பிள்ளை ஒருநாள் கையில் பச்சையோடு வந்து நின்றால், "காவாலி" என்ற சொல் வாயில் வருமுன் "இது என்ன, ஏன் குத்தினாய்?" என்று கேளுங்கள். அது அம்மம்மாவின் பெயராக இருக்கலாம், ஒருமுறையும் காணாத ஊரின் பெயராக இருக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் சரியென்று சொல்லச் சொல்லவில்லை. ஊசி சுத்தமானதா, குத்துபவருக்கு உரிமம் உண்டா, பத்து வருடம் கழித்தும் இது வேண்டுமா என்று கேட்பது பெற்றோரின் கடமை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் தோல் உங்களுடையதுதான். ஆனால் அதில் எழுதியதை வாசிக்கிறவர்கள் பலர், எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. யப்பானுக்குப் பயணம் போகிறீர்களானால் குளியல் இல்லத்தின் விதியை முன்னரே விசாரியுங்கள். கினொசாக்கி என்ற ஊரின் பொதுக் குளியல் இல்லங்கள் பச்சை குத்தியவர்களை வரவேற்கின்றன. மற்ற இடங்களில் மறைக்கும் ஒட்டுத்தாளோ, தனிக் குளியலறையோ கிடைக்கக்கூடும்.

எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அந்தப் பலகை தொங்கவேண்டாம்.