குதிரைக்குக் கீழே காலி அறை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, சம்பளத்தையும் வீட்டுக் கடனையும் மட்டும் பேசாதே" என்று குழுவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு பழைய ரிவால்வரைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம், கையில் எதையும் கொண்டுவரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் இத்தலார். ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற வழியில் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே கேரட், உருளைக்கிழங்கு. 2009 லீவில் நம் வகுப்பிலிருந்து நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா செய்த ராகிக் களியையும் அவரைக் குழம்பையும் ஒரு கை பார்த்தீர்கள். அந்த நாலில் இரண்டு பேர் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டோம். இன்றைக்கு அதை நானே உடைக்கிறேன்.

நீலகிரிக்குத் துப்பாக்கி புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டைக்கென்றே மலையேறினார்கள். சுட்டுச் சுட்டு வரையாடெல்லாம் குறைந்துபோய், 1877-லேயே விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் நீலகிரிக்கென்று தனிச் சட்டமே வந்தது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. துரைமார்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களுடைய துப்பாக்கிகளில் சில இங்கேயே தங்கிவிட்டன.

எங்கள் தாத்தா ஒரு எஸ்டேட்டில் ரைட்டர். சம்பளப் பணம் எடுக்க ஊட்டி பாங்குக்குப் போய் வருவது அவர் வேலை. 1950-களில் ஊருக்குக் கிளம்பிய துரை ஒருவர், தன் ரிவால்வரை முறைப்படி லைசென்ஸ் மாற்றி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் செய்த கோல்ட் கம்பெனி சரக்கு, பிஸ்லி மாடல். பிஸ்லி என்பது இங்கிலாந்தில் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கிற ஊர். அந்தப் பெயரில் 1894-லிருந்து இந்த மாடலை விற்றார்கள். சிங்கிள் ஆக்‌ஷன் வகை.

அப்படியென்றால் என்ன? நம் ஊரில் துப்பாக்கியின் மேலே அடிக்கிற சுத்தியைக் குதிரை என்போம். சிங்கிள் ஆக்‌ஷனில் விசையை இழுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். அப்படி இழுக்கும்போதுதான் உள்ளே ஒரு பால், சிலிண்டரின் பின்னாலுள்ள ராட்செட்டைத் தள்ளி அடுத்த அறையைக் குழாய்க்கு நேரே கொண்டுவரும். ஒரு சின்னப் பூட்டு எழும்பி சிலிண்டரை அங்கேயே பிடித்துக்கொள்ளும். நாம் முதல் வருஷம் வரைந்து வரைந்து அழித்த அதே ராட்செட், பால்தான்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சாமுவேல் கோல்ட் 1830-ல், பதினாறு வயசுப் பையனாக, கல்கத்தா போகிற கப்பலில் வேலைக்கு ஏறினான். கப்பல் சக்கரம் சுற்றி நிற்பதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது, மரத்திலே மாடல் செதுக்கினேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொண்டார். 1836-ல் அமெரிக்காவில் பேடன்ட் வாங்கினார். 1851 லண்டன் பொருட்காட்சியில் அவருடைய ரிவால்வருக்கு எதிராக ஆடம்ஸ் என்கிற ஆங்கிலேயர், விசையை இழுத்தாலே குதிரையும் எழும்பி அடிக்கிற ரிவால்வரை வைத்தார். பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள். அவசரத்துக்கு அதுதானே சௌகரியம்! அப்படிப் பார்த்தால் சிங்கிள் ஆக்‌ஷன் அன்றைக்கே பாதி தோற்ற டெக்னாலஜி. ஆனாலும் கோல்ட் கம்பெனி 1873-ல் கொண்டுவந்த மாடலை 1940-ல் நிறுத்தி, கேட்பவர் அதிகமானதால் 1956-ல் திரும்பவும் செய்ய ஆரம்பித்தது. தோற்ற சாமானுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

எங்கள் அப்பாவைக் கேட்டால் சத்தம் என்பார். குதிரையை மெதுவாக இழுத்தால் நாலு கிளிக் கேட்கும். முதலாவது பாதுகாப்புப் பள்ளம், இரண்டாவது தோட்டா போடுகிற நிலை, மூன்றாவது சிலிண்டர் பூட்டு விடுபடுவது, நாலாவது முழு நிலை. கோல்ட் என்கிற பெயருக்கு இங்கிலீஷில் நாலு எழுத்து, அதைத்தான் துப்பாக்கி சொல்கிறது என்பது இதன் பிரியர்கள் நடுவே பழைய வேடிக்கை. ஒவ்வொரு கிளிக்கும் எந்தப் பாகம் எங்கே உட்கார்ந்தது என்று காதுக்குச் சொல்லும்.

குறையும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பாதுகாப்புப் பள்ளம் ஒரு மெல்லிய உதடு, அவ்வளவுதான். குதிரையின் மேல் பலமாக அடி விழுந்தால் அது உடையலாம். குதிரையை முழுசாக இறக்கி வைத்தாலோ, அதன் ஊசி நேராகத் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் தெரிந்தவர்கள் ஆறு அறை ரிவால்வரில் ஐந்துதான் போடுவார்கள். ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு, குதிரையை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கு. குதிரைக்குக் கீழே வருவது அந்தக் காலி அறை. தாத்தா இதை அப்பாவுக்குச் சொன்னார். அப்பா யாருக்கு அதைக் காட்டினாலும் முதலில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மேஜையில் ஐந்து என்று எண்ணி வைத்து, ஆறாவது அறையை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கையில் தருவார். சின்ன வயசில் எனக்கு அது பூஜை மாதிரி சலிப்பாக இருக்கும்.

2009-ல் அப்பா தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். நண்பர்கள் முன்னால் ஹீரோ ஆகவேண்டும். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். எடுத்தேன். எண்ணவில்லை, பார்க்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் காட்டலாம் என்று திரும்பும்போது கை நழுவி, கருங்கல் படியில் குதிரை கீழாக விழுந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்றோம். டங் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எடுத்து, திறந்து பார்த்தால் உள்ளே ஐந்து தோட்டா. குதிரைக்குக் கீழே மட்டும் காலி. யாரும் பேசவில்லை. துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். அன்றைக்கு ராத்திரி யாரும் இரண்டாம் தடவை களி கேட்கவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம்.

பத்து வருஷம் கழித்து, 2019 பாராளுமன்றத் தேர்தல். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்பாவோடு போனேன். பழைய கம்பளியிலும் வேட்டியிலும் சுற்றிய துப்பாக்கிகளோடு பெரியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் துப்பாக்கியின் சரித்திரம் சொல்கிறார். யாரும் சுட்ட கதை சொல்லவில்லை. யார் கொடுத்தது, எந்த ஸ்பிரிங் போச்சு, அதை யார் அடித்துக் கொடுத்தார் என்றுதான் பேச்சு. ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "துரு பிடிக்காம பாத்துக்கங்க சார்" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனதால் விலையும் ஏறிவிட்டது. ஆனால் அந்த வரிசையில் விலை பேசியவர் ஒருவரும் இல்லை.

இது நம் ஊர்ப் பைத்தியம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ரூகர் கம்பெனி 1953-லிருந்து சிங்கிள் ஆக்‌ஷன் செய்தது. 1973-ல் டிரான்ஸ்ஃபர் பார் என்று ஒரு தகடு சேர்த்தார்கள். விசையை இழுத்தால் மட்டுமே அது குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே வந்து அடியைக் கடத்தும். விழுந்தால் வெடிக்காது, ஆறும் போடலாம். பழைய துப்பாக்கிகளுக்கும் இலவசமாக மாற்றித் தருகிறார்கள், கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தருகிறார்கள். அப்படியும் சிலர் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். மாற்றினால் அந்தப் பழைய கிளிக் போய்விடுமாம். எஞ்சினியராக எனக்கு இது கொஞ்சம் கோபம் தருகிற விஷயம்தான். ஆனால் ஏன் என்று புரியாமலும் இல்லை.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மிச்சத்தை ஒரு வருஷத்துக்குள், அதாவது 2020 டிசம்பர் 13-க்குள் ஒப்படைக்க வேண்டும். அப்பாவிடம் மூன்று. காட்டுப்பன்றிக்குப் பயிர் காக்க ஒரு மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி, ஒரு இரட்டைக் குழல், அப்புறம் இது. எது போவது?

நான் எக்செல்லில் அட்டவணை போட்டுக் கொண்டுபோனேன். உபயோகம், தோட்டா கிடைப்பது, பராமரிப்பு என்று மார்க் போட்டால் ரிவால்வர் கடைசி. கூப்பிடு தூரத்தில் அருவங்காட்டில் 1904-லிருந்து வெடிமருந்து செய்கிறார்கள், இதற்குத் தோட்டா மட்டும் எங்கும் கிடையாது. அதோடு எனக்குள் அந்த டங் சத்தம் வேறு. வேறு வழியில்லாமல் அன்றைக்கு அப்பாவிடம் 2009 கதையைச் சொல்லிவிட்டேன்.

அப்பா கோபப்படவில்லை. எழுந்து போய் ரிவால்வரை எடுத்துவந்து குதிரையின் நுனியைக் காட்டினார். அரிசி அளவுக்கு ஒரு நசுக்கல். "இது எனக்கு அன்னைக்கே தெரியும். நீயா சொல்வேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றார். வீட்டில் நாங்கள் பேசுவது படுகு, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "அன்னையிலிருந்து இதுல தோட்டா போடறதில்லை. தப்பு உன்னுது மட்டுமில்ல. அஞ்சு போட்டா பத்திரம்னு நினைச்சேன் பாரு, அது என் தப்பு."

கடைசியில் அவர் ஒப்படைத்தது இரட்டைக் குழலை. மூன்றில் நன்றாக வேலை செய்தது அதுதான். என் அட்டவணையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் முடிவு சரியா என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பழைய யந்திரத்தின் மேல் ஆசை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இங்கே புல்லட் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், வால்வ் ரேடியோ சேர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். அதன் அழகை மட்டும் தெரிந்துகொண்டால் அது 2009-ல் எனக்கிருந்த ஆசை. அதன் குறை இன்னது என்று தெரிந்து, யந்திரம் செய்யாததைத் தன் கையால் தினமும் செய்துவிடுவது அப்பாவின் ஆசை. நம்மை ஐந்து பேரையும் காப்பாற்றியது இரண்டாவதுதான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எண்ணெய் போட ரிவால்வரை எடுத்தார். தோட்டா போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் மூடியைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி, ஒன்று, இரண்டு என்று ஆறு அறையையும் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் எண்ணு" என்றார்.

எண்ணினேன்.