குதிரைப் பாதையில் மிதிவண்டி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நான் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். "இதென்ன வாத்தியாரே, பாடத்தை விட்டுட்டு சைக்கிள் ஓட்டப் போறீங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாடமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இன்று மேல்நாடுகளில் சரளைக்கல் பாதையில் சைக்கிள் ஓட்டுவது ஒரு தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. 2022இல் இத்தாலி நாட்டில் இதற்கு முதல் உலகப் போட்டியே நடந்தது. அந்தச் சைக்கிள் பார்ப்பதற்குப் பந்தய சைக்கிள் போலத்தான் இருக்கும். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த பிடி. ஆனால் டயர்தான் வேறு. பந்தய சைக்கிளின் டயர் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர் அகலம். இதற்கோ 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். காற்றைக் குறைத்துத்தான் அடிப்பார்கள். அப்போதுதான் டயர் கல்லின் மேல் அமுங்கிப் பிடிக்கும். குலுக்கலையும் தானே வாங்கிக்கொள்ளும். செம்மண் சாலையில் பின்னால் பால் வாளியைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள் இந்தச் சபையில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இப்படி ஓட்டுகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று மத்தியதரைக் கடலில் இருக்கும் மெனோர்க்கா என்னும் தீவு. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தது. பரப்பளவு சுமார் 700 சதுர கிலோமீட்டர். நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், சிங்கப்பூரைவிடச் சற்றுச் சிறியது. இந்தத் தீவின் கரையை ஒட்டியே முழுச் சுற்றாக ஒரு பாதை போகிறது. நீளம் 185 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதன் பெயர் 'கமி தெ கவால்ஸ்'. அந்த ஊர் மொழியில் 'குதிரைகளின் பாதை' என்று பொருள்.

ஏன் குதிரை? அந்தக் காலத்தில் கடல் வழியாக வரும் பகைவர்களுக்கு அந்தத் தீவு மக்கள் நடுங்கிக் கிடந்தார்கள். 1535இல் கிழக்குக் கரையிலுள்ள மஹோன் நகரம் கொள்ளையிடப்பட்டது. 1558இல் துருக்கிய கப்பற்படை வந்து மேற்குக் கரையிலுள்ள சியுதடெல்லா நகரத்தைத் தரைமட்டமாக்கி, ஆயிரக்கணக்கான மக்களைச் சிறைபிடித்துக் கப்பலேற்றிக்கொண்டு போனது. அந்தத் துயரத்தை இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 9ஆம் நாள் அவ்வூரார் நினைவுகூர்கிறார்கள். ஆகவே கரையைக் காவல் காக்கவும், காவல் கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி கொண்டுபோகவும், குதிரை வீரர்கள் சுற்றி வர இந்தப் பாதை தேவைப்பட்டது. பின்னர் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி அந்தத் தீவை ஆண்டபோதும் பாதை பயன்பட்டு வந்தது.

இந்தப் பாதையின் அழகை நான் நேரில் பார்த்ததில்லை. படித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறேன். வடக்குக் கரை கரடுமுரடானது. தெற்கே சுண்ணாம்புப் பாறையும், பைன் மரங்களும், வெள்ளை மணலும், கண்ணாடி போன்ற நீலத் தண்ணீரும். வடகிழக்கு முனையில் 1922இல் கட்டிய ஃபவாரித்ஸ் கலங்கரை விளக்கம் கரும்பாறைகளுக்கு நடுவே நிற்கிறது. அங்கிருந்து மேற்கே போனால், வடக்குக் கரையில் சில இடங்களில் மண் நம் தோட்டத்துச் செம்மண் போலவே சிவந்து கிடக்கிறது. 'திரமுந்தானா' என்னும் வடகாற்று அடித்தால் சைக்கிள்காரர் மிதித்தும் நகரமாட்டார். சில இடங்களில் கல் பெரிது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நல்ல கால் பலம் உள்ளவர்கள் மூன்று நான்கு நாளில் முழுத் தீவையும் சுற்றி வந்துவிடுகிறார்கள்.

பெரியோர்களே, நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான் வருகிறது.

போர்க்காலம் போய்விட்டது. குதிரை வீரர்களும் போய்விட்டார்கள். பாதையை யாரும் கவனிக்கவில்லை. முள் மண்டியது. பாதை பல தனியார் நிலங்கள் வழியாகப் போகிறது அல்லவா? ஆங்காங்கே வேலி வந்தது, பூட்டு வந்தது. தாத்தா நடந்த வழியில் பேரன் நடக்க முடியவில்லை. கடல் இருக்கிறது, கரை இருக்கிறது. போக வழி இல்லை!

அந்தத் தீவு மக்கள் என்ன செய்தார்கள்? கல்லெறியவில்லை, வேலியைப் பிய்க்கவில்லை. 1990களில் ஒன்றாகக் கூடினார்கள், கூட்டமாக நடந்தார்கள், "இது எல்லாருடைய பாதை" என்று விடாமல் கேட்டார்கள். பழைய நிலப்படங்களில் பாதை வரையப்பட்டிருந்தது, அது அவர்களுக்குப் பெரிய துணை. 2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்தத் தீவுகளின் சட்டமன்றம் இந்த ஒரு பாதைக்காகவே தனிச் சட்டம் இயற்றியது. பொதுமக்கள் அதன் வழியே செல்லும் உரிமையை நிலைநாட்டுவதே அதன் நோக்கம். அதோடு முடிந்ததா? இல்லை. முள் வெட்டி, வழி காட்டும் கட்டைகள் நட்டு, பாதையைச் செப்பனிட்டு முழுச் சுற்றாகத் திறக்க 2010 ஆகிவிட்டது. பத்து ஆண்டு! ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

இன்று அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளில் போகலாம். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். வழியில் காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கிளைகளால் செய்த கதவுகள் பல வரும். மாடு மேய்கிற நிலம் அது. திறந்து போகிறவன், திரும்பி நின்று கதவைச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். மாணவச் செல்வங்களே, இதைக் கவனியுங்கள். வழி வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பிறர் மாடு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் பாதை.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்தத் தீவுக் குடியானவர்கள் போடும் செருப்புக்கு 'அவர்கா' என்று பெயர். மேலே தோல், அடியிலே பழைய மோட்டார் டயரை வெட்டித் தைப்பார்கள். நாம் வெட்டிய பால் எந்தெந்த ஊர்ப் பாதையில், எந்தெந்தக் காலுக்கு அடியில் தேய்ந்ததோ, யார் கண்டது!

பெற்றோர்களே, நம்மையும் எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் பல கைமாறிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயம் இருந்த இடம், பழைய கோயிலுக்குப் போன ஒற்றையடிப் பாதை, பிள்ளைகள் குளித்த ஆற்றங்கரை — இவற்றின் பெயர்கூட நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. வேனில் ஏறிப் பள்ளிக்கு வருகிறார்கள், வேனில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் காட்டவில்லை, அவர்கள் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில், பாதுகாப்பான நேரம் பார்த்து, கேட்க வேண்டியவர்களிடம் அனுமதி கேட்டு, அப்பாவோ மாமாவோ துணைக்கு வர, பிள்ளைகளைச் சைக்கிளில் தோட்டச் சாலைகளைச் சுற்றி வரவிடுங்கள். மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாலை எங்கே போகிறது, எந்த மேட்டுக்கு என்ன பெயர், பழைய பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று தாத்தா பாட்டியைக் கேட்டு எழுதுங்கள், படம் வரையுங்கள். பள்ளி திறந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டுவோம். மெனோர்க்கா மக்களுக்குத் தங்கள் பாதையைத் திரும்பக் கேட்கப் பழைய படம் ஒன்று கையில் இருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது? இனிமேல்தான் நாம் வரைய வேண்டும்.

பாதையைப் போட்டவன் போய்விடுவான். அதில் தொடர்ந்து போகிறவர்களால்தான் பாதை உயிரோடு இருக்கும். படிப்பும் அப்படித்தான். பரிசு வாங்கியதோடு புத்தகத்தை மூடி வைத்தால் அங்கேயும் முள் மண்டும். பரிசு பெற்றவர்கள் தொடர்ந்து மிதியுங்கள். பெறாதவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டாவது வாருங்கள். மேடு முடிந்தால் இறக்கம் உண்டு.