கூடி இசைத்தல்

இசையைக் கேட்பது வேறு. கூடி இசைப்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் காக்களூரிலே பள்ளிச் சிறுவனாயிருந்த 1970களில் எங்களுக்கு இசை இரு வழிகளில் வந்தது. ஒன்று வானொலி, மற்றொன்று திருவிழா மெல்லிசைக் கச்சேரி. இரண்டிலும் பாட்டு ஒன்றே. ஆயினும் கச்சேரியிலேதான் எங்கள் மனம் ஒன்றியது. பாடகர் மூச்சு வாங்குவதும், தபேலாக்காரர் அவர் முகம் பார்த்து வாசிப்பதும் எங்கள் கண்ணெதிரே நிகழ்ந்தன அல்லவா?

ராக் இசைக்கும் உயிர்நாடி இதுவே. அதனை வெறுங்கூச்சல் என ஒதுக்குவோர் உண்டு. அதன் அமைப்பை நோக்குங்கள். டிரம்ஸ் காலத்தைக் காக்கிறது. பேஸ் கிடார் அதனோடு ஒட்டி நடக்கிறது. மற்றைய கிடாரும் குரலும் அவற்றின்மேல் எழுகின்றன. ஒருவர் வாசிப்பை ஒருவர் கேளாவிடில் யாவும் குலையும். ஏ. ஆர். ரகுமான், 1992இல் 'ரோஜா' வெளிவருவதற்கு முன்பே, சிவமணி, ஜான் அந்தோணி முதலிய நண்பர்களோடு 'ரூட்ஸ்' என்னும் குழுவில் கீபோர்டு வாசித்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் ராக் இசையோடு இணைத்துச் சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடியது.

பெருந்தொற்றுக் காலமான 2020இல் நான் தலைமையாசிரியன். இணையவழி வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வழிபாட்டுப் பாடலைச் சேர்ந்து பாட முயன்றனர். ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்தது. முடிவில் ஒரு சிறுமி மட்டும் பாட, ஏனையோர் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு வாயசைத்தனர்.

காரணம் எளியது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மேடையில் மூன்று மீட்டர் தொலைவில் நிற்பவரின் ஒலி, நொடியின் நூறில் ஒரு பங்கிற்குள் நம் செவியை எட்டும். இணையத்திலோ குரல் சிறு துணுக்குகளாகப் பிரிந்து, பல கணினிகளைக் கடந்து, மீண்டும் சேர்ந்து வருகிறது. அத்தாமதம் உரையாடலுக்குப் பெரிதன்று, தாளத்தையோ சிதைத்துவிடும்.

இணையத்தை நான் பழிக்கவில்லை. எங்கள் தொழிற்பேட்டையில் உழைப்பவரின் பிள்ளையும் இன்று கைப்பேசியைப் பார்த்துக் கிடார் பயிலலாம். அது பெரும்பேறு. ஆனால் பயின்றதைப் பிறரோடு கூடி வாசித்துப் பாருங்கள். உங்கள் ஒலியைத் தணித்து அடுத்தவர் ஒலியைக் கேட்கும் பண்பு அங்கேதான் வாய்க்கும். அப்பண்பு இசைக்கு மட்டுமன்று, வாழ்வுக்கும் வேண்டுவதாகும்.