கதிர் வைத்தியமும் அளவுக் காவலும்

(மாமல்லபுரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கலியாணம், கல்வி, நிலம் முதலிய விஷயங்களைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படும் இச்சபையில், புற்றுநோய்க்குச் செய்யும் கதிர் வைத்தியத்தைப் பற்றிப் பேச யான் எழுந்திருப்பது சிலருக்கு அமங்கலமாகத் தோன்றலாம். பெயரைச் சொல்லாதிருப்பதனால் நோய் வராதிருக்குமாயின் யானும் வாய் மூடியிருப்பேன். நம் குடும்பங்களில் அந்நோய் வந்திருக்கிறது. என் தமக்கையாருக்கே வந்தது.

நம்மவர் இவ்வைத்தியத்தைக் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லுகிறார்கள். இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. கோபால்ட் என்னும் உலோகத்திலிருந்து எழும் கதிரையோ, மின்விசையால் இயங்கும் லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்னும் யந்திரத்தில் உண்டாக்கிய கதிரையோ, நோயுள்ள இடத்தில் மாத்திரம் படும்படி தினந்தோறும் சில நிமிஷங்கள் செலுத்துகிறார்கள். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் வைத்தியசாலையில், அந்த ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே கோபால்ட் யந்திரம் வந்துவிட்டது. பின்னர் 1969-இல் காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசாங்கப் புற்றுநோய் வைத்தியசாலை ஏற்பட்டது. செங்கற்பட்டுச் சீமையிலுள்ள நாம் பெரும்பாலும் இவ்விரண்டிடங்களையே நாடுகிறோம்.

நமது கடற்கரையில் கல்பாக்கத்து அணுமின் நிலையம் 1984 முதல் இருந்துவருவதால், கதிர் என்றவுடனே நமக்கு ஒரு திகில் உண்டாகிறது. அந்தத் திகிலினால் என் தமக்கையாருக்கு வீட்டில் தனித் தட்டும் தனிப் பாயும் வைத்தார்கள். பேரக் குழந்தையை மடியில் வைக்க விடவில்லை. இஃது அறியாமையால் செய்த கொடுமை. வெளியிலிருந்து யந்திரத்தால் செலுத்தும் கதிர், யந்திரம் நின்றவுடனே நின்றுவிடும். ரோகியின் உடலில் தங்காது. மற்றவரைத் தொடவும் தொடாது. அஞ்ச வேண்டியது வேறொன்று. அதுவே இன்று யான் சொல்ல வந்தது. அஃதாவது, அளவு தவறுதல்.

கதிரின் அளவு மிகுந்தால் நல்ல சதை வேகும். குறைந்தால் நோய் பிழைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பொருளை அளப்பதாகையால், ஒருவர் அளந்ததை மற்றொருவர் தனியே அளந்து பார்த்தாலன்றிப் பிழை வெளிப்படாது. கோபால்ட்டின் வலிமை ஏறக்குறைய 5¼ வருஷத்தில் பாதியாகிறது. மாதத்திற்குச் சுமார் நூற்றுக்கு ஒன்று குறைகிறதென்று கொள்ளலாம். அதற்கேற்ப, கதிர் வைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். பழைய கோபால்ட்டை மாற்றிப் புதியது வைக்கும் நாளோ மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய நாள்.

கோஸ்டா ரிக்கா என்னும் தேசத்தில் 1996-ஆம் வருஷம் அப்படி மாற்றியபோது நடந்ததைக் கேளுங்கள். புதிய கோபால்ட்டை அளக்கையில், 0.3 நிமிஷம் என்பதை 30 விநாடி என்று கொண்டுவிட்டார்கள். 0.3 நிமிஷமாவது 18 விநாடியே. அதனால் கோபால்ட்டின் வலிமை உள்ளதற்கும் குறைவாகக் கணக்கிடப்பட்டு, ஒவ்வொரு ரோகியும் வேண்டியதைவிட வெகு நேரம் கதிரின் கீழ்க் கிடத்தப்பட்டார். சுமார் ஒரு மாதத்தில் 115 பேர் துன்புற்றனர்; அவர்களிற் சிலர் அதனாலேயே மாண்டனர். ஒரு புள்ளியைப் படித்ததில் நேர்ந்த பிழை! இரண்டாவது ஆள் ஒருவர் தனியே அளந்திருந்தால் அன்றே அகப்பட்டிருக்கும்.

குறைவின் கதை இன்னும் விசித்திரமானது. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்து வைத்தியசாலையில் 1982-இல் கணக்கிடுவதற்குக் கம்ப்யூட்டர் வந்தது. தூரத்திற்காகச் செய்யவேண்டிய திருத்தத்தை அந்த யந்திரமே செய்துவிட்டது. அதை அறியாமல் உத்தியோகஸ்தர்கள் பழைய வழக்கப்படி கையாலும் ஒருமுறை திருத்திவந்தார்கள். 1991 வரையில் ஆயிரம் பேருக்கு மேல் குறைந்த அளவே கிடைத்தது. மிகுதி புண்ணாக வெளிப்படும், குறைவு வெளிப்படுவதில்லை. நோய் திரும்பினால், விதி என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா?

நம் தேசத்தில் இதற்குக் காவல் இல்லாமலில்லை. 1983-இல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெறாமல் எவ்வைத்தியசாலையும் கதிர் யந்திரத்தை இயக்கலாகாது. பௌதிக சாஸ்திரம் கற்று, அளவு பார்ப்பதற்கென்றே பயின்றவர் ஒருவர் அங்கே இருந்தாகவேண்டும். பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் கதிரை உணரும் ஒருவகைப் பொடியைத் தபாலில் அனுப்பி, அதில் கதிர் செலுத்தித் திருப்பியனுப்பச் செய்து, வைத்தியசாலை சொல்லும் அளவும் தாம் காணும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள். கடையில் இருக்கும் படிக்கல்லுக்கு முத்திரை போடுவது போன்றதே இது. காலையில் முதல் ரோகியை அழைக்குமுன் யந்திரத்தைச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. வரிசை நகரவில்லை என்று அந்நேரத்தில் நம்மவர் கூச்சலிடுவதை யான் கண்டிருக்கிறேன்; யானும் கூச்சலிட்டவனே.

இவ்வூர்ச் சிற்பிகள் உளியெடுக்குமுன் கல்லின்மேல் கோடு இடுகிறார்கள். கதிர் வைப்பவர்களும் ரோகியின் தோலின்மேல் மையினால் கோடிடுகிறார்கள். தினமும் அக்கோட்டின்மேலேயே கதிர் விழவேண்டும். என் தமக்கையார் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகி, அதைச் சுத்தமாக அழித்துவிட்டார். அழிந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, வீட்டில் கண்ணாடி பார்த்துத் தாமே வரைந்துகொண்டு போனார்! நல்லவேளையாக அங்கிருந்தோர் கண்டுபிடித்து, மறுபடி அளந்து கோடிட்டார்கள். மற்றொரு நாள் அவர் பெயரைக் கூப்பிட்டபோது அதே பெயருள்ள வேறொரு அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். தகப்பனார் பெயரும் சீட்டு நம்பரும் கேட்டதனால் அப்பிழை தடுக்கப்பட்டது. கேட்டவளோ வேலைக்குப் புதிதாக வந்த ஒரு சிறு பெண்.

இனிச் சொல்லுவது எங்கள் குடும்பத்தின் குற்றம். சதுரங்கப்பட்டினத்திலிருந்து தினமும் போய்வருவதில் அலுத்து, ஆடித் திருவிழாவையும் சாக்காக வைத்து, நடுவிலே பதினொரு நாட்கள் நிறுத்திவிட்டோம். கருப்பை வாய்ப் புற்றுக்கு வைத்தியம் முழுவதையும் சுமார் எட்டு வாரத்துள் முடிக்கவேண்டும் என்பதும், அதற்குமேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் குணப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவு குறையக்கூடும் என்பதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தன. இரண்டு வருஷத்தில் நோய் திரும்பிற்று. தமக்கையார் இப்போது இல்லை. அந்தப் பதினொரு நாட்களால்தான் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. யானும் சொல்லத் துணியேன். ஆயினும் அந்த நாட்களை யான் எண்ணாத நாளில்லை.

ஆதலால் சங்கத்தாரை ஒன்று வேண்டிக்கொள்ளுகிறேன். அடையாற்றிலும் காஞ்சியிலும் நம்மவர் வீடுகள் பல இருக்கின்றன. ஐந்தாறு வாரம் ஒரு ரோகியையும் துணைக்கு வருபவரையும் தங்கவைக்கக்கூடியவர்கள் தங்கள் பெயரைக் காரியதரிசியிடம் கொடுக்கவேண்டும். எங்கள் வீட்டு மாடியறையை முதலாவதாக எழுதிக்கொள்ளலாம். தமக்கையாரின் சிகிச்சைச் சீட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளின் அளவும், வைத்தவர் கையெழுத்தும், இடையிலே காலியாகக் கிடக்கும் அந்தப் பதினொரு கட்டங்களும் அதில் இருக்கின்றன. பார்க்க விரும்புவோர் கூட்டம் கலைந்தபின் பார்க்கலாம்.