அணைந்த விளக்கை ஏற்றியவர்கள்

(படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று கரண்டைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் தெருவில் அரை மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகிறது? மின்விசிறி நிற்கிறது. மோட்டார் ஓடுவதில்லை. குடிநீர்த் தொட்டி நிரம்புவதில்லை. மாவு மில்லில் கூட்டம் சேர்கிறது. அரை மணிக்கே இவ்வளவு சிரமம். ஒரு நாட்டின் பெரும் பகுதியில் கரண்ட் போனால்? அதுவும் போர்க்காலத்தில், கடும் பனியில் போனால்? உக்ரைன் நாட்டு மக்களுக்கு அது நடந்தது.

உக்ரைன் ஐரோப்பாக் கண்டத்தில் இருக்கிறது. போருக்கு முன் அங்கே சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா அந்த நாட்டின் மீது பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 10 முதல் மின் நிலையங்கள் மீது ஏவுகணைகள் சரமாரியாக விழுந்தன. நவம்பர் 23 அன்று நாட்டின் பெரும் பகுதி இருண்டது. அண்டை நாடான மால்டோவாவிலும் பல ஊர்களில் விளக்கு அணைந்தது.

அங்கே பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து போகும். நகரங்களில் வெந்நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பி அறைகளைச் சூடாக்குவார்கள். அந்த வெந்நீரைத் தள்ளுவதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் வீடு குளிர்ந்துவிடும். குழாயில் நிற்கும் நீர் உறைந்தால் குழாயே வெடிக்கும். ஆகவே அங்கே கரண்ட் என்பது வெளிச்சம் மட்டுமல்ல. அது உயிர்.

மாட்டு வண்டிக் கணக்கு

கரண்டை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. பேட்டரியில் கொஞ்சம் சேமிக்கலாம். ஒரு நாட்டுக்கு வேண்டிய முழுவதையும் அப்படிச் சேமிக்க முடியாது. நாம் எவ்வளவு செலவு செய்கிறோமோ, அவ்வளவும் அந்த நொடியே உற்பத்தியாக வேண்டும்.

பல மாடுகள் சேர்ந்து ஒரு பெரிய வண்டியை இழுப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். மின் நிலையங்கள்தான் மாடுகள். நம் வீடுகளும் ஆலைகளும்தான் பாரம். இரண்டு மாடுகள் திடீரென்று விழுந்தால் என்ன செய்வோம்? உடனே சில மூட்டைகளை இறக்குவோம். இறக்காவிட்டால் மற்ற மாடுகளும் விழும். மின்வெட்டு என்பது இப்படி மூட்டையை இறக்குவதுதான்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களின் மின் தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் கரண்ட் நின்றது. அது போரால் வந்ததல்ல. ஒரு பகுதியில் பாரம் மிகுந்ததால் வந்தது. பெரும்பாலான இடங்களில் அன்றே சரி செய்தார்கள். உக்ரைனில் அப்படி முடியவில்லை. அங்கே இயந்திரங்களே உடைந்து கிடந்தன.

எப்படிச் சரி செய்தார்கள்?

முதலில் அபாயச் சங்கு நிற்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு வெடிக்காத குண்டு கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பின்னரே மின் ஊழியர்கள் உள்ளே போவார்கள். சில சமயம் பழுது பார்க்கும் இடத்திலேயே மறுபடியும் குண்டு விழும். இந்தப் போரில் நூற்றுக்கும் மேற்பட்ட மின்துறை ஊழியர்கள் உயிரிழந்தார்கள்.

முறிந்த கம்பியை விரைவில் இழுத்துக் கட்டிவிடலாம். பெரிய டிரான்ஸ்பார்மர் எரிந்தால்தான் கஷ்டம். நம் தெருமுனையில் இருப்பது சிறியது. அங்கே துணை மின் நிலையங்களில் இருப்பவை 3,30,000 வோல்ட், 7,50,000 வோல்ட் மின்சாரத்தைத் தாங்குபவை. ஒன்றின் எடை 200 டன்னையும் தாண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. சொல்லி வைத்துச் செய்ய வேண்டும். செய்து முடிக்க ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும்.

ஆகவே மற்ற நாடுகள் உதவின. தங்களிடம் இருந்த டிரான்ஸ்பார்மர்களையும் உதிரிப் பாகங்களையும் அனுப்பின. இன்னொரு வழியும் இருந்தது. 2022 மார்ச் 16 அன்றே உக்ரைனின் மின் தொகுப்பை ஐரோப்பிய நாடுகளின் தொகுப்போடு இணைத்திருந்தார்கள். பற்றாக்குறை வந்தபோது அங்கிருந்து கரண்ட் வாங்க முடிந்தது.

வந்த கரண்டை எப்படிப் பங்கிட்டார்கள்? மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் முதலிடம் தந்தார்கள். வீடுகளுக்கு முறை வைத்தார்கள். எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்று அட்டவணை வெளியிட்டார்கள். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் மக்கள் சமைத்தார்கள், துணி துவைத்தார்கள். ஊர்தோறும் பொது இடங்களில் வெப்பமூட்டிய கூடாரங்கள் அமைத்தார்கள். அங்கே குளிர் காயலாம். தேநீர் குடிக்கலாம். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம்.

மீண்டும் அடி

2024 மார்ச் முதல் மின் உற்பத்தி நிலையங்களையே குறி வைத்தார்கள். ஏப்ரல் 11 அன்று தலைநகர் கீவுக்கு அருகில் இருந்த திரிப்பில்யா அனல்மின் நிலையம் அழிந்தது. சில மாதங்களில் சுமார் 9,000 மெகாவாட் திறன் போயிற்று. நம் கூடங்குளத்தில் ஓடும் ஓர் அணு உலையின் திறன் 1,000 மெகாவாட். அதைப் போல் ஒன்பது என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். 2025-இலும் தாக்குதல்கள் தொடர்ந்தன.

இதிலிருந்து அவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய நிலையத்தில் வைக்கக் கூடாது. சிறு சிறு நிலையங்களை ஊர் ஊராக அமைக்க வேண்டும். பல மருத்துவமனைகளின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். டிரான்ஸ்பார்மர்களைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள்.

நண்பர்களே! போருக்கும் சட்டம் உண்டு. பொதுமக்களின் வாழ்வுக்குத் தேவையானவற்றைத் தாக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். 2024 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இரண்டு ரஷ்யத் தளபதிகளுக்குப் பிடிவாரண்ட் பிறப்பித்தது. மின் நிலையங்களைத் தாக்கியதே குற்றச்சாட்டு. ரஷ்யா அதை ஏற்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும். புயலில் அறுந்த கம்பியைத் தொடாதீர்கள். மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக இரண்டு கேள்விகள். நம் ஊரில் மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் யாருக்கு முதலில் தர வேண்டும்? குடிநீருக்கு என்ன வழி? வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பதிலை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.