ஆர்மோனியம்: ஒரு முதல் தட்டின் நிறையும் குறையும்

(சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு விஷயம் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். வங்கிக்காரர் என்றால் டெபாசிட் வட்டி, நாமினேஷன் பற்றித்தான் பேசுவார் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அதற்கு வேறொரு மாலை வைத்துக்கொள்வோம். இன்று ஒரு இசைத்தட்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியால் நகரத்து இளைஞர்கள் மூன்று பேர் 1974-ல் வெளியிட்ட முதல் தட்டு. குழுவின் பெயர் ஆர்மோனியம். தட்டின் பெயரும் அதுதான், முதல் பாட்டின் பெயரும் அதுதான். எல்லாப் பாட்டும் பிரெஞ்சு மொழியில்.

பெயரைக் கேட்டதும் நம் நாடக மேடைப் பெட்டி நினைவுக்கு வரும். அந்த வாத்தியமே 1840-களில் பாரிஸில் காப்புரிமை பெற்றதுதான். பிரெஞ்சுக்காரர்களும் நம்மைப் போல ‘ஹ’வை விட்டுவிட்டு ‘ஆர்மோனியம்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்தத் தட்டில் பெட்டியைத் தேடாதீர்கள். இதில் முன்னால் நிற்பது கித்தார்.

இந்த வகைக்கு ‘புரோகிரஸிவ் ராக்’ என்று பெயர். மூன்று நிமிடத்தில் முடிகிற சினிமாப் பாட்டு அமைப்பை விட்டுவிட்டு, ஒரே பாட்டுக்குள் தாளம், வேகம், மனநிலை எல்லாம் மாறி மாறிப் போகும். நம் ராகமாலிகை கேட்டவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. இங்கிலாந்தில் ஜெனிஸிஸ், யெஸ் போன்ற குழுக்கள் பெரிய பெரிய கீபோர்டுகளும் டிரம்ஸுமாக இதைச் செய்தன. கியூபெக்கில் அவற்றுக்கு ரசிகர்கள் ஏராளம்.

ஆர்மோனியம் குழுவோ கையில் இருந்ததை வைத்துச் செய்தது. செர்ஜ் ஃபியோரி பாட்டும் கித்தாரும். மிஷெல் நோர்மாந்தோவும் கித்தார்தான். லூயி வாலுவா பேஸ் கித்தார். நிரந்தர டிரம்ஸ்காரர் கிடையாது. சில பாட்டுகளுக்கு மட்டும் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வாசிக்க வைத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் போட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வராத ராக் இசை இது!

முதல் பாட்டிலேயே அவர்கள் பலம் தெரிந்துவிடுகிறது. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இரண்டு கித்தார்களும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வது போல் ஓட, பேஸ் கித்தார் தனி மெட்டு ஒன்றைக் கீழே பாடிக்கொண்டே வரும். அதை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். ஃபியோரியின் குரல் மெல்லியது. ஆனால் உச்சிக்குப் போகும்போது நடுங்காது. அவருடைய அப்பா மாண்ட்ரியாலில் நடன இசைக்குழு நடத்தியவர், இத்தாலிய வம்சாவளி. சின்ன வயதிலிருந்தே இசையோடு வளர்ந்த குரல் அது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அப்போதுதான், இவர்கள் பிரெஞ்சில் பாடியது ஏன் முக்கியம் என்று புரிந்தது. கியூபெக்கில் ஐந்தில் நான்கு பேர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். இருந்தும் மாண்ட்ரியாலில் பெரிய வியாபாரம், பெரிய வங்கி எல்லாம் நீண்ட காலம் ஆங்கிலத்தில்தான் நடந்தன. சொந்த ஊர் வங்கியில் சொந்த மொழியில் மேலே போக முடியாது என்பது எப்படிப்பட்ட நிலை என்று கவுன்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். 1970-ல் பிரிவினைக் குழு ஒன்று ஆட்களைக் கடத்தி, ராணுவம் தெருவுக்கு வந்தது. 1974-ல், இந்தத் தட்டு வந்த அதே ஆண்டில்தான், பிரெஞ்சு மட்டுமே மாகாணத்தின் ஆட்சிமொழி என்று சட்டம் ஆனது.

இவ்வளவு சூடான காலத்தில் இந்தத் தட்டு கோஷம் போடவில்லை. ‘ஒரு கணம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சின்னப் பாட்டு. ரேடியோவில் பெரிய வெற்றி பெற்றது. ஒரு மனிதன் ஒரு கணம் தன்னையே மறந்து போகிறான். சொந்த வீட்டிலேயே அந்நியனாக உணர்வதும் அதில் வருகிறது. காதல் பாட்டு போலவும் கேட்கலாம், அரசியல் பாட்டு போலவும் கேட்கலாம். அங்கே பலரும் இரண்டுமாகத்தான் கேட்டார்கள்.

இனி பற்றுக் கணக்கு. பாட்டுகள் பெரும்பாலும் ஒரே வேகத்தில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. நடுவில் ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. டிரம்ஸ் வரும் இடங்களில் அது கூடவே பிறந்தது போல் இல்லை, பிறகு ஒட்டியது போல் இருக்கிறது. வாழ்க்கைக்கு வணக்கம் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. அந்தக் கால ஹிப்பி உற்சாகம்தான், வயது ஏறியவர்களுக்குக் கொஞ்சம் புன்னகை வரும். புரோகிரஸிவ் என்று சொல்லி வாங்குகிற இளைஞர்கள், “சார், இது நாட்டுப்புறப் பாட்டு மாதிரி இல்லையா?” என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு.

அவர்களுக்கே இந்தக் குறை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1975-ல் வந்த இரண்டாவது தட்டில் புல்லாங்குழலும் சாக்ஸபோனும் வாசிக்க ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர் என்று ஐந்து பேர் ஆனார்கள். டிரம்ஸை அடியோடு விட்டுவிட்டார்கள். ஒட்டாததைச் சரிசெய்ய முயலாமல் நீக்கியதுதான் சரியான முடிவு. அந்தத் தட்டின் கடைசிப் பகுதி பதினேழு நிமிடம், வார்த்தையே இல்லாதது. 1976-ல் வந்த மூன்றாவது, இரட்டைத் தட்டு, ஆர்கெஸ்ட்ராவோடு. இசையளவில் இரண்டுமே முதல் தட்டைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு ஏன் முதல் தட்டைப் பற்றிப் பேசுகிறேன்? கடைசிப் பாட்டுக்காக. இரவு நேரம், ஒரு கஃபே. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான். எல்லோரும் கேட்கிறார்கள் என்று நம்புகிறான். நம் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கச்சேரி செய்கிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே நிலைதான். பாதிக்கு மேல் தனிக்குரல் மறைந்து, பலர் சேர்ந்து ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். சொல்ல விஷயம் வைத்திருந்தவர்களுக்கு நாம் காது கொடுத்தோமா என்பதுதான் அதன் சாரம். இசை விமரிசகராக இருந்தால் இது கொஞ்சம் நீளம் என்று எழுதலாம். நீளம்தான். ஆனால் தனியாகப் பாடியவனுக்குக் கடைசியில் ஒரு கூட்டமே துணைக்கு வருகிறது. அதற்கு அந்த நீளம் வேண்டியிருக்கிறது.

ஃபியோரி 2025 ஜூன் 24 அன்று, 73 வயதில் காலமானார். அது கியூபெக்கின் தேசியத் திருநாள். மாகாண அரசு மரியாதையுடன் அவருக்கு இறுதி நிகழ்ச்சி நடத்தியது.

முழுத் தட்டும் நாற்பது நிமிடம் சொச்சம். கேட்க விரும்புகிறவர்கள் கடைசிப் பாட்டில் தொடங்கிப் பிறகு முதலுக்கு வாருங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் ஒலிபெருக்கி கொண்டுவருகிறேன். வரிகளின் பொருளைச் சுருக்கமாகத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பத்துப் பிரதிகள் இருக்கின்றன.